ஆளில்லாத வீட்டில் ஒன்பது பேர்

முஹர்ரக் ஒரு காலத்தில் பஹ்ரைனுக்குத் தலைநகரம். இப்போது அதன் பழைய சந்துகளுக்குள் கேமராவோடு வருகிறவர்கள் கதவைப் படம் பிடிப்பார்கள், கதவைத் திறக்கிற ஆளைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படி ஒரு கதவுக்குப் பின்னால்தான் மீரா சாகிப் காக்கா இருபத்தாறு வருஷம் மெஸ் நடத்தினார். எங்கள் காயல்பட்டினத்துக்காரர்; எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். வாயைத் திறந்தால் வசவு, தட்டில் வைத்தால் அமிர்தம். பவளக்கல் சுவர், மரக்கம்புக் கூரை, மேலே காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும் கோபுரம். வீட்டுக்காரக் குடும்பம் புது வீடு கட்டிப் போய் எத்தனையோ காலம். மழைக்குக் கூரையில் தார்ப்பாய் போட்டது காக்கா. சிமெண்டு பூசினால் கல்லுக்கு மூச்சுமுட்டும் என்று கொத்தனாரிடம் சண்டை போட்டுச் சுண்ணாம்பு பூச வைத்ததும் அவர்தான். வாசல் பெஞ்சில் அரபிக் கிழவர்களும் நாங்களும் ஒரே கெட்டில் சாயாதான் குடிப்போம். உள்ளே ஒன்பது பேர் தங்கியிருந்தோம். என்னையும் சேர்த்து ஐந்து பேருக்கு விசா முடிந்திருந்தது.

போன வருஷம் கழுத்தில் அட்டை தொங்க இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். அட்டையைக் கண்டாலே விசா சோதிக்க வந்தவர்கள் என்றுதான் நினைப்போம். ஒரு விரற்கடை திறந்து, "மாஃபி நஃபர்," ஆளில்லை, என்று சொல்லி அடைத்துவிட்டேன். யார் தட்டினாலும் நாங்கள் சொல்வது அதுதான். ஆளில்லை என்று சொல்ல ஓர் ஆள் நிற்கிறானே என்றுகூட அந்தப் படித்த மேதைகளுக்குத் தோன்றவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு மாதத்தில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஆளில்லாத புராதன வீடு, புதுப்பிக்கப் போகிறோம், பத்து நாளில் சாமான்களை எடுத்துவிடுங்கள் என்று.

காக்கா கொதித்துப்போய் அலுவலகத்துக்கு ஓடினார். நான் தெருவிலேயே நின்றேன். அந்தப் படியேற எனக்கு ஏது துணிச்சல்? ஒரு மணி நேரம் கழித்து வந்தார். குடியிருந்தவர்கள் பெயரையும் அடையாள அட்டையையும் கொடுத்தால், மெஸ் நடத்த வேறு இடம் தருவதாகச் சொன்னார்களாம்.

"கொடுத்தீங்களா காக்கா?" என்றேன்.

"போடா மடையா. உங்க அஞ்சு பேரையும் புடிச்சிக் கொடுத்துட்டு, நான் யாருக்குடா சோறாக்குறது?"

ஆளில்லை என்று சொல்லிக் கதவடைத்தது நான்தான் என்று தெரிந்தபின் அவர் என்னோடு பேசவில்லை. நாங்கள் திசைக்கொருவராகச் சிதறினோம். அறுபது வயதில் அவர் யாரோ ஒருவனுடைய தொழிலாளர் கேம்ப் சமையலறையில் வெங்காயம் வெட்டுகிறார். நேற்று முளைத்த சமையல்காரன் "ஜல்தி, ஜல்தி" என்று அவரை விரட்டுகிறான். அவன் பல்லைத் தட்ட வேண்டும் போலிருக்கிறது. அதற்கு முன்னால் என் பல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் போகிறேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பட்டும், நான் செய்த வேலைக்கு அது நியாயம். ஆனால் தட்டை நீட்டினால், முகத்தைத் திருப்பியபடியே, பெரிய மீன்துண்டாகப் பார்த்து வைக்கிறார். அதைத்தான் தின்ன முடியவில்லை.