எண்ண முடியாத தட்டு

தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ரெஜிஸ்டர் அக்கா என்றுதான் பெயர். மாதிரி பாட்டில் வந்தால் நம்பர் ஒட்டி ரெஜிஸ்டரில் ஏற்றுவது பத்தொன்பது வருஷ வேலை. வயது நாற்பத்தேழு. எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கிறாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். சுளிக்காமல் என்ன செய்வாள்? அந்த இடம் அப்படி. குழாய்த் தண்ணீரை வட்டத் தட்டில் விட்டு, வெதுவெதுப்பான அலமாரியில் ஒரு நாள் பூட்டி வைப்பார்கள். கிருமி இருந்தால் புள்ளி புள்ளியாக முளைக்கும். அதை எண்ணுவதற்கென்றே ஒருத்தர் உண்டு, புள்ளிக்காரர். அவர் அலமாரியைத் திறந்தால் அழுகல் வாடை வாசல்வரை வரும். அக்கா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

வாடையாவது பரவாயில்லை. மாடியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியைப் பார்த்தால்தான் அவளுக்குக் குமட்டும். குழாய் உடைந்ததா, பார்த்துக்கலாம். குளோரின் தீர்ந்ததா, பார்த்துக்கலாம். எந்தத் தப்பையும் ஃபைலுக்கு அடியில் தள்ளிவிட்டு அதன்மேல் டீ கிளாஸை வைக்கிற மனுஷன். புதுக் கம்ப்யூட்டர் வந்திறங்கிய அன்று இவளைப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் இது எங்க வரப்போகுது?" என்று பல்லைக் காட்டினார். அக்கா ரோசக்காரி. மறுநாளே புரோகிராம் எழுதப் படிக்க உட்கார்ந்துவிட்டாள்.

தினமும் மதியம் நாற்பது நிமிஷம், குளோரின் டப்பா அடுக்கிய அறையில். ஒரு கை சாப்பாட்டில், ஒரு கை கீபோர்டில். ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சல் வந்த அன்றுகூட மூக்கை உறிஞ்சிக்கொண்டே பத்து வரி எழுதினாள். முதல் வாரத்திலேயே ஒன்று விளங்கிவிட்டது. இந்தப் பெட்டிக்கு நாம் மனதில் நினைத்தது தெரியாது, எழுதியது மட்டும்தான் தெரியும். ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தால் போச்சு, மொத்தமும் படுத்துவிடும். படுத்ததோடு விடாமல் சிவப்பு எழுத்தில் நாலு வரி திட்டும்.

அந்தச் சிவப்பைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மேலே ஒருத்தர் திட்டுவது போதாதென்று கீழேயும் ஒன்றா! பொறுமையாகப் படித்தால் எந்த வரியில் என்ன கோளாறு என்று அதுவே சொல்லியிருக்கும். மூன்று மாதத்தில் அதுவும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் திட்டை யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

நூறு நாள் ஆனபோது, வீடியோவில் சிரித்துக்கொண்டே பாடம் நடத்துகிற ஒருவன் வழி காட்டினான். இரண்டே வரி. தப்பு வந்தால் சத்தம் போடாதே, தாண்டிப் போய்க்கொண்டே இரு. அட, இவ்வளவுதானா! இதைக் கண்ட இடத்தில் போடாதீர்கள் என்று கடைசியில் அவன் சொல்லியிருப்பான். அதற்குள் இவள் வீடியோவை நிறுத்திவிட்டாள்.

அதோடு சிவப்பு ஒழிந்தது, அவளுடைய முதல் உருப்படியான புரோகிராம் ஓடியது. புள்ளிக்காரர் ஏற்றி வைக்கிற எண்ணிக்கையை எடுத்து, ஏரியா வாரியாகச் சராசரி போட்டு, வரம்புக்குள் இருந்தால் 'பாதுகாப்பானது' என்று அச்சடிக்கும். மூன்று நாள் வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்தது. அத்தனை ஏரியாவும் பாதுகாப்பு! அதிகாரிக்கு வாயெல்லாம் பல். "உங்களால முடியும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார். தூ, அதே வாய்தான்! ஆனாலும் அறிக்கையின் அடியில் 'தொகுத்தவர்: பதிவு எழுத்தர்' என்று வந்திருந்ததைப் பார்த்தபோது உச்சி குளிர்ந்துதான் போனது. அந்த அறிக்கையை நோட்டீஸாக அடித்து எல்லாக் குடியிருப்பிலும் ஒட்டினார்கள்.

இருபது நாள் கழித்துப் பாட்டில் எடுக்கப் போனவள், புள்ளிக்காரர் கையில் ஒரு தட்டைப் பார்த்தாள். புள்ளியே இல்லை. தட்டு முழுக்க மஞ்சளாக, வழவழவென்று ஒரே ஆடை.

"சீ, என்னங்க இது?"

"கிழக்குக் குடியிருப்பு. போன மாசத்துலேர்ந்தே அங்கேர்ந்து வர்றதுல பாதி இப்படித்தான் வருது."

"இதுக்கு எத்தனைன்னு போடுவீங்க?"

"கிருமி நெருக்கி முளைச்சு எல்லாம் ஒண்ணாயிடுச்சு, எண்ணினாத்தானே போடுறதுக்கு? 'எண்ண முடியாது'ன்னு எழுதுவேன். அதுதான் முறை. ஏன்க்கா, நீங்க பார்த்ததில்லையா?"

அவள் பார்த்திருக்கிறாள். கையால் எழுதிய காலத்தில் அந்த இரண்டு வார்த்தையைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு மாடிக்கு அனுப்பியவளே அவள்தான். புரோகிராம் எழுதும்போதுதான் அது நினைவுக்கு வரவில்லை. ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்திருக்கிறது. புரோகிராம் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்து கத்தப் பார்த்திருக்கிறது. அந்த இரண்டு வரி ஒவ்வொரு முறையும் அதன் வாயைப் பொத்தியிருக்கிறது. கிழக்குக் குடியிருப்பில் இருபது மாதிரி. ஒன்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சம் பதினொன்றுக்குச் சராசரி போட்டுப் பாதுகாப்பானது என்று அடித்திருக்கிறது. தண்ணீர் எவ்வளவு நாறுகிறதோ அவ்வளவு சுத்தமாக அறிக்கை வரும்படி எழுதி வைத்திருக்கிறாள் மகராசி!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று அதிகாரியை எத்தனை நாள் ஏசியிருப்பாள். அவருக்காவது அதற்கு ஃபைலும் மேஜையும் தேவைப்பட்டது. இவள் இரண்டு வரியில் மறைத்துவிட்டாள். தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கிழக்குக் குடியிருப்பில்தான் அவள் தங்கை இருந்தாள், வயிற்றுப்போக்கில் கிடக்கும் குழந்தையோடு. உடனே போன் போட்டாள்.

"பாப்பாவுக்கு வயிறு எப்படிடி இருக்கு?"

"இன்னும் நிக்கலக்கா. எதைக் கொடுத்தாலும் போயிடுது. மூணாவது டாக்டர் பார்த்துட்டோம்."

"தண்ணியக் காய்ச்சித்தானே கொடுக்கிற?"

"முன்னாடி காய்ச்சினேன். உன் நோட்டீஸ் வந்ததுக்கப்புறம் எதுக்குக் காய்ச்சணும்? பக்கத்து வீட்டுக்கெல்லாம்கூட நான்தான் சொன்னேன், எங்க அக்கா போட்ட கணக்கு, தைரியமா குடிங்கன்னு."

"ஒரு சொட்டு வாயில வைக்காதீங்கடி, நான் வர்றேன்" என்றாள் அக்கா.

இரண்டு வரியையும் அழித்தாள். ஓட்டினாள். சிவப்பு கொட்டியது. முதல்முறையாக ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். எண்ண முடியாததையெல்லாம் அறிக்கையின் தலையில் வரும்படி மாற்றி எழுதி, அச்சடித்து, மாடி ஏறினாள்.

அதிகாரி மேலோட்டமாகப் பார்த்தார். "பழசு நல்லாத்தானே ஓடிச்சு? எதுக்கு நோண்டினீங்க?"

"பழசு தப்புங்க சார். நான்தான் தப்பா எழுதினேன். ஜனங்க குடிச்சிக்கிட்டு இருக்காங்க."

"தெரியும், தெரியும். டேங்க் கழுவச் சொல்லியாச்சு, பார்த்துக்கலாம். இப்ப நோட்டீஸை மாத்தினா ஊரே கேள்வி கேட்கும். பழைய புரோகிராமையே போடுங்க. அடுத்த மாசம் உங்களைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாத்துறேன்."

தெரியுமாம்! பாவி, தெரிந்துதான் சிரித்திருக்கிறான். அவர் முகத்தில் காறித் துப்பத் தோன்றியது. ஆனால் அந்த முகத்துக்குப் பவுடர் பூசிக் கொடுத்தவள் அவள்தானே? காகிதத்தை எடுத்துக்கொண்டு, லீவுகூடச் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

கிழக்குக் குடியிருப்பில் பைப்படியில் ஏழெட்டுப் பேர் வாளியோடு நின்றார்கள். சுவரில் ஒட்டியிருந்த பழைய நோட்டீஸை அக்கா நகத்தால் கிழித்தாள்.

"ஏம்மா, அதை எதுக்குக் கிழிக்கிறீங்க?" என்று கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி கேட்டாள். தங்கைக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

"அது தப்பு. நான் போட்டதுதான், தப்பாப் போட்டுட்டேன். இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. யாரும் குடிக்காதீங்க."

"குடிங்கன்னு சொன்னதும் நீங்கதான், இப்ப குடிக்காதேங்கிறதும் நீங்கதான். எதைத்தான் நம்புறது?"

"நேத்தே ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், தண்ணியில ஒண்ணுமில்லைங்கிறாங்க" என்றார் பின்னால் நின்ற ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள். வாளிகள் நிரம்பிக்கொண்டே இருந்தன. அக்கா காகிதத்தை நீட்டி, சராசரி, மாதிரி, எண்ண முடியாதது என்று என்னென்னவோ சொன்னாள். காகிதத்தை ஒருத்தரும் வாங்கவில்லை. ஏற்கெனவே ஒரு காகிதத்தை நம்பியவர்கள்தானே.

பக்கத்து வீட்டுக்காரி குழாயடியிலேயே ஒரு தம்ளர் பிடித்து அவள் முன்னால் நீட்டினாள். "எங்க பிள்ளை இருபது நாளா இதைத்தான் குடிக்குது. நீங்க ஒரு வாய் குடிங்க, பார்ப்போம்."

அக்கா வாங்கினாள். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. பிராயச்சித்தமாக நினைத்தாவது குடித்துவிடலாம் என்றுதான் உதட்டருகே கொண்டுபோனாள். தட்டில் பார்த்த மஞ்சள் ஆடை கண்முன் வந்தது. கை தானாகத் தம்ளரைக் கீழே போட, சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் ஓங்கரித்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தன் வாளியைக் காலால் எட்டி உதைத்துக் கவிழ்த்தாள். அவளைப் பார்த்து அடுத்தவளும் கவிழ்த்தாள்.