படத்துக்கு நான் கொடுத்த மூன்று பக்கங்கள்

ஒருவர் நம்பித் தந்த வாக்குமூலத்தை, தந்தவரின் கையெழுத்து இல்லாமல் மூன்றாம் ஆளுக்குக் காட்டக் கூடாது. யாழ்ப்பாணத்து நீதிமன்றம் ஒன்றில் பதிவாளராக இருந்த காலம் முழுவதும் இந்த விதியைப் பிறருக்குப் படிப்பித்தேன். ஓய்வுபெற்று ரொறன்ரோவுக்கு வந்த பிறகு மீறினேன். ஆம், நான்தான் காட்டினேன்!

நீங்கள் பதறாமல் வாசியுங்கள். பதறுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்...

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்து அகதிகளுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பேன். எட்டாம் மாடி வசந்தாவுக்கும் எழுதினேன். வீட்டை விட்டு ஓடியது, தம்பியைப் புகையிலைக் குடிலுக்குள் ஒளித்துவைத்தது, எல்லாம் மூன்று பக்கங்கள். ஒரு பிரதி என்னிடம் இருந்தது. பிரதி வைக்காத பதிவாளர் எங்கே இருக்கிறார்?

அந்தக் கோடையில் ரஞ்சன் என்ற இளைஞன் ஒரு விஞ்ஞானப் படம் எடுத்தான். ஒருவரின் அனுபவத்தைப் பதிந்து இன்னொருவரின் தலைக்குள் ஓடவிடும் கருவி பற்றிய கதை. கருவி என்பது தலையில் கவிழ்க்கும், வயர் சுற்றிய சோற்று வடிதட்டு. முதல் நாளே பல்ப் சுட்டுக் கதாநாயகியின் முடி கருகியது. கதாநாயகன் பக்கத்து நகரமான பிறம்ரனில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அனுமதி இல்லையென்று கட்டடத்து மேற்பார்வையாளர் இரண்டு முறை துரத்தினார். அனுமதிப் படிவம் நிரப்ப என்னைப் பிடித்தான் ரஞ்சன்.

"அங்கிள், எல்லாம் இருக்கு, பதியிறதுக்கு ஒரு அனுபவம்தான் இல்லை. நான் எழுதினா நாடகம் மாதிரிக் கிடக்கு. உண்மையாப் பயந்த ஆரின்ரையாவது கதை உங்களிட்ட இருக்குமே? ஆலோசகர் எண்டு உங்கட பேரைப் போடுறன்."

இருந்தது. வசந்தாவின் பிரதியில் ஆட்களின் பெயர்களைக் கறுப்பு மையால் அழித்துக் கொடுத்தேன். முறைப்படி செய்தேன் என்று திருப்திப்பட்டேன். பெயரை அழித்தேன்... இடத்தை விட்டுவிட்டேன்!

கதாநாயகி வடிதட்டை மாட்டிக்கொண்டு ஊரைச் சொன்னாள், இரட்டைப் பனையைச் சொன்னாள், தூர்ந்த கிணற்றையும் அதன் பின்னால் உள்ள குடிலையும் சொல்லிச் சொல்லி அழுதாள். நல்ல நடிப்பு.

படம் வாடகைக் கசெற்றாகத் தமிழ்க் கடைகளுக்குப் போனது. ஒரு மத்தியானம் வசந்தா கசெற்றோடு என் கதவடியில் நின்றாள்.

"பேரை மறைச்சாக் காணுமே, அங்கிள்? தம்பி இப்பவும் அந்தக் குடிலுக்குள்ளதானே இருக்கிறான்!"

அவனை யார் தேடினார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். இங்கிருந்தும் எழுதப் பயம்.

கடை கடையாக ஏறிக் கசெற்றுகளை மீட்டேன். கடைசிக் கடைக்காரர் சிரித்தார்.

"ஒண்டு ஊருக்குப் போட்டுது, அண்ணை. கலியாணத்துக்குப் போன சனம் கொண்டுபோனது. அங்கையும் பாக்கட்டுமன், உங்கட பேரும் வருகுதெல்லே!"

தம்பியைத் தேடித் தரும்படி நிவாரண நிறுவனம் ஒன்றுக்கு எழுதினேன். மூன்று பிரதிகள். பதில் முகவரி என்னுடையது. அன்றிலிருந்து எலிவேற்றரில் கண்டால் வசந்தா கேட்பாள்.

"பதில் வந்ததோ, அங்கிள்?"

"இன்னும் இல்லை, பிள்ளை."

வந்துவிட்டது. குடில் வெறுமையாம். தம்பியைக் கடைசியாகக் கண்டது ஐப்பசியிலாம். கசெற் ஊருக்குப் போனது புரட்டாதியில். ஒன்றன் பின் ஒன்று நடந்தால் முன்னது காரணம் என்று ஆகாது. சட்டம் எனக்குத் தெரியும். பிறகேன் எலிவேற்றர் கதவு திறக்கும்போதெல்லாம் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கப் பார்க்கிறேன்? அவள் உள்ளே நிற்பாளோ... என் முகத்தில் வாசித்துவிடுவாளோ!

நேற்றும் கேட்டாள். ஒரு வருடத்துக்கு மேலாக அதே பொய்.

கடிதம் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதன் மூலையில், பழக்கம் விடாமல், கிடைத்த திகதியை அன்றே குறித்துவைத்திருக்கிறேன்: 1998 மார்ச் 9.