கைராசிக்கும் ஒரு பூட்டு

பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அவன் சாவி. மாடிப்படிக்குக் கீழே அவன் கடை. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கத்தான் இடம். பகலிலும் விளக்கு எரியும் மேசை, அதன்மேல் பொடி ஸ்க்ரூக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு காந்தத் தகடு, வயிற்றைத் திறந்து போட்ட ஃபோன்கள். ஃபோன் ரிப்பேர் கடை அந்தத் தெருவில் வேறும் உண்டு. கண்ணாடி உடைந்தால் அங்கே போவார்கள். சாவியிடம் வருவது வேறு வியாதிக்கு.

ஃபோன் கல்லுக்குண்டு மாதிரி நன்றாகத்தான் இருக்கும். கம்பெனிதான் கைகழுவியிருக்கும். 'உங்கள் மாடலுக்கு இனி அப்டேட் கிடையாது' என்று ஒரு நாள் திரையில் எழுதிக் காட்டும். அதற்குப் பிறகு ஆப்கள் ஒவ்வொன்றாக முரண்டு பிடிக்கும். சாவி கம்பெனியின் மென்பொருளை அடியோடு வழித்தெறிந்துவிட்டு, எங்கெங்கோ இருக்கிற ஆர்வலர்கள் எழுதி இலவசமாகக் கொடுக்கிற வேறொரு மென்பொருளை ஏற்றுவான். குப்பைக்குப் போக இருந்த ஃபோன் இன்னும் சில வருஷம் ஓடும். கூடவே ஒரு பிரசங்கமும் உண்டு. "வீட்டை வாங்கின பிறகு சுவத்துக்கு என்ன கலர் அடிக்கலாம்னு கட்டினவன்கிட்டயா போய்க் கேப்பீங்க?" என்பான். எதிரில் நிற்பவர் தலையாட்டும்வரை ஃபோனைக் கையில் கொடுக்கமாட்டான்.

அந்த வட்டாரத்தில் முக்கால்வாசிப் பேர் கையில் இருந்தது ஒரே கம்பெனியின் ஃபோன். அதற்குக் காரணமும் சாவிதான். ஃபோனுக்குள் கம்பெனி போட்டிருக்கிற பூட்டைத் திறந்து வேறு மென்பொருள் போட்டுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அந்தக் கம்பெனி கேட்டவுடன் ஓர் எண் கொடுக்கும். 'உங்கள் ஃபோன், உங்கள் இஷ்டம்' என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். அதை நம்பி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சிபாரிசு செய்தான். ஃபோன்கள் விற்றுத் தீர்ந்ததும் கம்பெனி சத்தமில்லாமல் எண் கொடுப்பதை நிறுத்திவிட்டது. கேட்டால் 'பாதுகாப்பு' என்றார்கள். யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்லவில்லை.

சாவி விடவில்லை. மேசையைக் கட்டிக்கொண்டு அழுது, பின்வாசல் ஒன்றைக் கண்டுபிடித்தான். ஃபோன் கண்விழிக்கும்போது சத்தம் கூட்டும் பட்டனை இரண்டு தட்டு தட்ட வேண்டும். பிறகு உள்ளே சர்க்யூட் பலகையில் இருக்கிற இரண்டு உலோகப் பொட்டுகளை ட்வீசரால் தொட்டுக்கொண்டே கேபிளைச் செருக வேண்டும். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு தட்டால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. முதல் தடவை அந்தப் பின்வாசல் திறந்தபோது விரல் தெரியாத்தனமாகத் தட்டியிருந்தது. அன்றிலிருந்து அதைக் கைராசியாக வைத்துக்கொண்டான். வீண் வேலை என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் விடமுடியவில்லை.

இந்த வித்தையை அவன் யாருக்கும் காட்டியதில்லை. கதவை இழுத்துச் சாத்திக்கொண்டுதான் செய்வான். காட்டியது ஒரே ஒருவருக்கு, அக்காவின் புருஷனுக்கு.

மாமா அந்தக் கம்பெனியின் கிளை அலுவலகத்திலேயே வேலை பார்த்தார். கஸ்டமர் கேர், ஒப்பந்த வேலை. இருந்தாலும் கழுத்தில் அட்டை தொங்கியதால் சாவியின் தொழிலுக்கு 'ஸ்க்ரூ கழட்டற வேலை' என்று பெயர் வைத்திருந்தார். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாப்ள, அது எப்படித்தான் பண்றே? எனக்கும் காட்டேன்."

"கம்பெனிக்காரர் கேக்கற கேள்வியா மாமா இது?"

"அட, நான் என்ன கம்பெனியா? என் ஃபோனையே திற, பாக்கலாம்."

சாவிக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து மாமா அவனிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. அக்கா பாத்திரம் துடைத்துக்கொண்டே நின்று பார்த்தாள். அவன் பின்மூடியைக் கழற்றினான், பொட்டுகளைக் காட்டினான், கேபிளைச் செருகினான். போதாதென்று, இரண்டு தட்டைப் பற்றியும் அளந்தான். "இதுதான் மாமா சூட்சுமம். இது இல்லேன்னா மத்ததெல்லாம் வேஸ்ட்." மாமா இன்னொரு முறை செய்யச் சொன்னார். "மூளைக்காரன்டா நீ" என்று தோளில் தட்டினார். அந்த வார்த்தையோடு சாவி வீடுவரை மிதந்துகொண்டு போனான். பாவம்.

சில வாரங்களில் கம்பெனி ஒரு அப்டேட் அனுப்பியது. அது யாரையும் கேட்காமல் தானே ஏறிக்கொண்டது. கடைக்கு முதலில் வந்தது பஸ் ஓட்டும் அம்மாள். அவருடைய ஃபோனைத் திறந்து தருவதாகச் சாவி வாக்குக் கொடுத்திருந்தான். அவரை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு பொட்டுகளைத் தொட்டான், கேபிளைச் செருகினான். ஒன்றும் நடக்கவில்லை. சரி, பொட்டுகளை எந்த எஞ்சினியரும் கண்டுபிடித்து அடைத்திருக்கலாம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, பழக்க தோஷத்தில் பட்டனை இரண்டு தட்டு தட்டினான்.

'அனுமதியற்ற செயல்' என்று எழுதிக் காட்டிவிட்டு ஃபோன் அணைந்தது.

ஒரு தட்டு தட்டிப் பார்த்தான், அணையவில்லை. மூன்று தட்டினான், அணையவில்லை. இரண்டு தட்டினால் மட்டும் அணைந்தது. அலமாரியில் இருந்த இன்னொரு ஃபோனிலும் அதே கதை. அந்த இரண்டு தட்டு உலகத்தில் எந்த எஞ்சினியருக்கும் தோன்றியிருக்க முடியாது, ஏனென்றால் அதில் விஷயமே இல்லை. வெறும் பீற்றல். அந்தப் பீற்றலைக் கேட்டது ஒரே ஒரு காது.

கதவைத் திறந்தான். "என்ன தம்பி, முகம் செத்துப்போச்சு?" என்றார் பஸ் ஓட்டும் அம்மாள்.

"இனிமே திறக்காதும்மா. அடைச்சுட்டாங்க."

"காசு குடுத்தது நான். உள்ள என்ன இருக்கணும்னு சொல்ல அவங்க யாரு?" என்றவர், சற்று நிறுத்தி, "நீதானே இந்த ஃபோனை வாங்கச் சொன்னே?" என்றார்.

அவர் சண்டைக்கு வரவில்லை, கேட்டார், அவ்வளவுதான். சாவி கடையைப் பூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தான்.

மாமா அலுவலகத்தில் இருந்தார். அக்கா கட்டில்மேல் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா ஆஃபீஸ்ல என்ன சொன்னாருக்கா?"

எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை. கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"வேலையை நிரந்தரம் பண்ணிட்டாங்கடா. உன் பேரைச் சொல்லலை. அதுல அவர் ரொம்பக் கவனமா இருந்தார்."

பேரைச் சொல்லாததற்கு நன்றி எதிர்பார்க்கிறாளோ என்று இருந்தது. "அக்கா, அது என் சோறு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அவர் வேண்டாம்னுதான் சொன்னார். நான்தான் உன்கிட்ட கேக்கச் சொன்னேன், நான்தான் ஆஃபீஸ்ல போய்ச் சொல்லுங்கன்னேன்." அவள் அடுத்த துணியை எடுத்தாள். "நீ கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டு இருப்பே, அப்புறம் வந்துருவே. நீ எப்பவும் அப்படித்தானே."

கம்பெனி ஏமாற்றியபோது கோபம் வந்தது. மாமா ஏமாற்றினார் என்று தெரிந்தபோது அருவருப்பு வந்தது. இப்போது எதுவும் வரவில்லை. அவன் மன்னித்துவிடுவான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் செய்திருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து அவள்மேல் அவன் வைத்திருந்த பாசம்தான் அவளுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்திருக்கிறது.

"உட்காரு, காபி போடறேன்" என்று அடுப்படிக்குப் போனவள், அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "டேய், ஃபோனைத் திறக்க வேற வழி ஏதாவது இருக்கா? ஆஃபீஸ்ல இவர்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்காங்களாம்."

வரும் வழியிலேயே ஒரு வழி தோன்றியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளிடம் கொட்டியிருப்பான்.

"தெரியாதுக்கா" என்றான்.

அவன் அவளிடம் சொன்ன முதல் பொய் அது. அவள் அதை அப்படியே நம்பிவிட்டு, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள்.