பெர்தொனே தெருவில் இரண்டு மலைகள்

2014 மே மாதம் அலுவலக வேலையாகப் பாரிஸ் போயிருந்தேன். சனிக்கிழமை சகாக்கள் எல்லாரும் ஐஃபில் கோபுரத்துக்குப் போக, நான் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் போனேன். காரணம் குமரன். சென்னையில் எங்கள் பக்கத்து வீட்டில் மூன்று வருடம் குடியிருந்த யாழ்ப்பாணத்துக்காரர். இப்போது ஒரு ஜப்பானிய உணவகத்தில் சமையல். "அண்ணை, சனிக்கிழமை எனக்குப் பேர் வைக்கினம், வாங்கோ" என்று போனில் சொல்லியிருந்தார். நாற்பத்திரண்டு வயதில் பெயர்சூட்டு விழாவா?

கார் து நோர் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. ரூ பெர்தொனேயில் நகைக்கடைக்கு மேலே நான்காவது மாடியில் குமரன் வீடு, லிஃப்ட் கிடையாது. எழுபத்திரண்டு படிகள். எண்ணியது என் முழங்கால்.

விஷயம் இதுதான். உணவக முதலாளி எண்பது வயது ஜப்பானியர், மை ஓவியர். திங்கட்கிழமை விடுமுறைகளில் பதினோரு வருடமாகக் குமரனுக்குக் கற்றுக்கொடுக்கிறார். குரு மாதிரிக்கு ஒரு மலை வரைவார், பெயர் போடமாட்டார். சீடர் அதையே வரைய வேண்டும். குரு வரைவதும் தன் குருவின் மலையைத்தான். சரியாக வந்துவிட்டால் தன் பெயரிலிருந்து ஓர் எழுத்தைச் சேர்த்துச் சீடருக்கு ஓவியப் பெயர் தந்து, அந்தப் பெயர் செதுக்கிய முத்திரையைக் குத்துவார். இந்த வரிசையில் குமரன் ஏழாவது ஆள்.

"காப்பியடிச்சா பாஸா? எங்களை வெளியே நிக்க வச்சாங்களே!" என்றேன்.

குமரன் சிரிக்கவில்லை. "ஐயா திங்கக்கிழமை ஒரேயடியா ஜப்பானுக்கே போறார் அண்ணை. இண்டைக்கு விட்டால் எனக்குப் பேர் இல்லை."

இரண்டு ஓவியச் சுருள்களை என்னிடம் கொடுத்துச் சுவரில் மாட்டச் சொன்னார். "வலப்பக்கம் ஐயாவின்ரை, இடப்பக்கம் என்ரை. மாத்திப்போடாதேங்கோ." சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனார்.

மாட்டினேன். ஒன்று ஆணியிலிருந்து நழுவியது. பதற்றத்தில் மற்றதையும் கழற்றினேன். இரண்டிலும் அதே மலை, அதே மூடுபனி, அதே படகு. எது யாருடையது? கடவுள் மேல் பாரத்தைப் போட்டு மாட்டிவிட்டேன்.

நான்கு மணிக்குப் பெரியவர் வந்தார். குமரன் சுவரைப் பார்க்கவே இல்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர் வலப்பக்கம் பத்து நிமிடம், இடப்பக்கம் பத்து நிமிடம் நின்றார். இடப்பக்கத்தைக் காட்டிப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?"

"தண்ணி அவசரப்படுதாம். இன்னும் பொறுக்கோணுமாம். ஆனாலும் பேர் தாறாராம்."

பிறகு வலப்பக்கச் சுருளை மேசையில் விரித்துத் தன் சிவப்பு முத்திரையைக் குத்தினார். இடப்பக்கத்தில் குமரனுக்கென்று செதுக்கிவந்த புது முத்திரை. தன் முத்திரை விழுந்த சுருளைக் குனிந்து பார்த்த குமரன் என் காதில் கிசுகிசுத்தார்.

"அண்ணை... இது ஐயா கீறின மலை. என்ரை மற்றது."

"சொல்லிடுங்க!"

"எப்பிடிச் சொல்லுறது? குத்தியாச்சே."

பெரியவர் தன் முத்திரை விழுந்த சுருளைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். வாசலில் ஏதோ சொல்லிவிட்டுப் படியிறங்கினார். குமரன் மொழிபெயர்த்தார். தன் குருவின் வீட்டில், குருவின் மலைக்குப் பக்கத்தில் அதைத் தொங்கவிடப் போகிறாராம்.

தான் வரைந்ததே ஓர் ஓவியருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்தாரா? அப்படியானால் அந்த அவசரத் தண்ணீர்? குமரனிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். என்னை உதைப்பார் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கும் விளங்கேல்லை அண்ணை," என்றார் குமரன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா என்ரை மலை அங்கை போகுது."

போகிறவர்களுக்கு: அந்தத் தெருவில் மசால் தோசை ஆறு யூரோ. அருங்காட்சியகங்களில் மைச் சுருள்களைச் சில வாரங்களே வெளியில் வைப்பார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள். யாராவது படம் மாட்டச் சொன்னால் தோள் வலி என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் போனதற்கு வருத்தப்படுவதா என்று இன்னும் தெரியவில்லை.