பெரியம்மாவின் சட்டைக் கை

எங்கள் மொர்மன் சபையில் பெண்கள் உள்ளே அணியும் வெள்ளை உடுப்பு இனிக் கையில்லாமலும் இருக்கலாம் என்று அறிவித்துவிட்டார்கள். கோயிலில் வாக்குக் கொடுத்தவர்கள் இரவும் பகலும் சட்டைக்குள் போட்டிருக்கும் உடுப்பு அது. தோளை மூட வேண்டும், முழங்கால்வரை இறங்க வேண்டும், ஒரு நூல்கூட வெளியே தெரியக்கூடாது என்றுதான் அம்மா இத்தனை காலமும் உடுத்தி வந்தார். செய்தி வந்ததும் முதல் வேலையாகத் தன் அக்காவை, அதாவது என் பெரியம்மாவை, தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். பெரியம்மா எங்கள் சபை இல்லை. மட்டக்களப்பிலிருந்து இந்தக் குளிர் தேசத்துக்கு மடியில் வைத்துக் கொண்டுவந்த பிள்ளையாரை இன்றுவரை விடாதவர்.

"அப்ப என்ட சட்டைக் கை ரெண்டையும் திருப்பித் தா," என்றார் பெரியம்மா.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அந்தக் கை போன கதையைச் சொல்லத்தான் வேண்டும். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வயதுக்கு வந்த தன் மகளுக்குச் சாமத்திய வீடு வைத்தார். தகப்பனின் சகோதரிகள்தான் அங்கே முன்னுக்கு நிற்க வேண்டும். ஆராத்தித் தட்டும் அவர்களுடைய கையில்தான். அம்மா சபையில் சேர்ந்த நாளிலிருந்து மாமா அவரோடு அளந்துதான் கதைப்பார். அப்படிப்பட்டவர் இரண்டு அக்காமாருக்கும் ஒரேமாதிரி மாம்பழ மஞ்சள் சேலை எடுத்து அனுப்பியிருந்தார். தம்பி மனம் இளகிவிட்டான் என்று அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சேலையை எடுப்பதும் தடவுவதும் மடித்து வைப்பதுமாகவே இருந்தார்.

சிக்கல் சட்டையில் வந்தது. சேலைகளோடு ஆளுக்கொன்றாக வந்த ஊதாத் துணி, எல்லோரையும் போல இடுப்புக்கு மேலே நிற்கும் சட்டைக்குத்தான் காணும். அம்மாவுக்கோ இடுப்புக்குக் கீழே இறங்கித் தைத்தால்தான் உள்ளுடுப்பு மறையும். எங்கள் வீட்டுத் தையலெல்லாம் பெரியம்மாதான். மேசையில் துணியை விரித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். உடம்பை நீட்டினால் கைக்குத் துணியில்லை. கையை வைத்தால் இடுப்பு வெளியே.

"ஒரு நாளைக்குக் கழட்டி வைச்சா என்னகா? உன்ட ஆண்டவர் வேற வேலையில்லாம உன்னையோ பாத்துக்கொண்டு இரிக்கிறார்?"

"வாக்குக் குடுத்திட்டன் அக்கா. எனக்கு ஏலாது."

"அப்ப வேற சட்டையைப் போடு."

அம்மாவிடம் அப்படி நீளமாக இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை. கறுப்பைப் போட்டுக்கொண்டு சாமத்திய வீட்டில் ஆராத்தி எடுக்க விடுவார்களா? வெள்ளையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "நான் வரேல்ல. காய்ச்சல் எண்டு தம்பியிட்டச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டத் தொடங்கினார். அன்று எங்கள் வீட்டில் தேவைக்கு மேலேயே வெங்காயம் வெட்டப்பட்டது.

பெரியம்மா இரண்டு துணிகளையும் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு, "காய்ச்சலும் இல்ல, ஒண்டும் இல்ல. கடையில தேடிப் பாக்கிறன்," என்று மெட்ரோ ரயிலுக்கு நடந்தார். கொண்டாட்டத்தன்று காலை சட்டை வந்து சேர்ந்தது. நீண்ட உடம்பு, தோளை நன்றாக மூடிய கை, அதே ஊதா. ஜோன்-தலோன் தெருப் பக்கத்துக் கடையொன்றில் துணி கிடைத்ததாம். அம்மா நம்பிவிட்டார். நம்பத்தான் அவருக்கும் விருப்பம்.

மார்ச் மாதம். வெளியே பனி, மண்டபத்துக்குள்ளே வியர்க்கும் சூடு. பெரியம்மா மட்டும் குளிர்க் கோட்டைக் கழற்றவில்லை. நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்குக்கு வந்துவிட்டது. துறைமுகப் பக்கத்துக் களஞ்சியத்தில் பெட்டி தூக்கித் தூக்கிப் பருத்த கைகள் அவருடையவை. அவற்றை யாருக்கும் காட்டக் கூச்சப்படுவார். ஜூலை வெயிலிலும் முழங்கை மூடிய சட்டைதான் போடுவார். அந்த விஷயத்தில் எங்கள் சபைப் பெண்கள் அவரிடம் பாடம் படிக்க வேண்டும்.

ஆராத்திக்கு அழைத்தார்கள். "கோட்டைக் கழட்டுங்க அக்கா, படத்தில கரடி மாதிரித் தெரியிது," என்றார் மாமா. பெரியம்மா அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு கழற்றினார். ஊதாச் சட்டைக்குக் கையே இல்லை. தோளிலிருந்து விரல்வரை வெறும் கை.

"இந்த வயசில மச்சாளுக்கு ஸ்டைலைப் பாருங்களன்," என்றார் மாமாவின் மனைவி. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியம்மாவும் சேர்ந்து சிரித்தார். தட்டைச் சுற்றும்போது மட்டும் கைகளை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிறு வகுப்பில் தோளை மூட வேண்டும் என்று படித்துவந்த எனக்குப் பொறுக்கவில்லை. கிட்டப் போய், "தோள் தெரியக் கூடாது பெரியம்மா, ஆண்டவருக்குக் கவலையா இரிக்கும்," என்று காதுக்குள் சொன்னேன்.

"அவருக்கு நான் சொல்லிக்கொள்ளுறன் புள்ள."

அம்மா பெரியம்மாவின் வெறும் தோளைக் கண்டார். தன் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். ஆராத்தி முடிந்து எல்லோரும் படத்துக்கு நிரையாக நின்றபோது, தோளில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றித் தன் சேலைத் தலைப்பை விரித்து, பெரியம்மாவின் தோள்களைச் சுற்றிப் போர்த்தினார். படம் எடுப்பவர் தலைப்பைச் சரிசெய்யச் சொன்னார். அம்மா அசையவில்லை. மாமா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்படியே எடுங்க," என்று சொல்லிவிட்டு, வந்து அம்மாவின் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

எனக்கோ ஒரே பெருமை. நான் சொன்னது அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது, ஆண்டவரின் கவலை தீர்ந்தது என்று நினைத்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது காரின் பின்னிருக்கையில் அம்மா ஒரு பக்க ஜன்னலைப் பார்த்தபடியும் பெரியம்மா மறுபக்க ஜன்னலைப் பார்த்தபடியும் ஒரு சொல் பேசாமல் அழுதுகொண்டு வந்தார்கள். அக்காவும் தங்கையும் சண்டை பிடித்துவிட்டார்கள் என்றே எனக்குப் பட்டது. சமாதானம் செய்துவைப்பதற்காக இருவருக்கும் நடுவில் நுழைந்து உட்கார்ந்துகொண்டேன்.