தண்ணீர் ஏறும் ஊரில் அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலர் அவரை நம் ஊர் அறவாரியத்தின் தலைவராக அறிவீர்கள். வீட்டில் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைத் தங்கையாகிய நான் சொல்ல வேண்டும் என்று அண்ணி கேட்டுக்கொண்டார்.

சிகாமட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் அண்ணன் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். அப்பா இளவயதிலேயே போய்விட, அண்ணன் பள்ளியை நிறுத்திவிட்டு லோரி ஓட்டப் போனார். சிகாமட்டிலிருந்து செனாய்த் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு ஏற்றிப்போவார். நான் படித்ததும் எனக்குத் திருமணமானதும் அந்த ஓட்டத்தில் வந்த காசில்தான். உரக்கச் சிரிப்பார். லோரி தெருமுனையில் திரும்பும் முன்பே அவர் பாட்டுச் சத்தம் வீட்டுக்கு வந்துவிடும்.

அந்தச் சிரிப்பு, நாமெல்லாம் மறக்க முடியாத பெருவெள்ளத்தோடு போயிற்று.

ஆற்றோர வீடுகளில் சிக்கியவர்களைக் கொண்டுவர, மீன் பிடிக்கும் மாட் என்பவரின் படகில் அண்ணன் ஏறிக்கொண்டார். மதியத்துக்குள் பல குடும்பங்களை மேட்டில் சேர்த்துவிட்டார்கள். கடைசி வீட்டில் கமலா என்ற அம்மா சன்னல் கம்பியைப் பிடித்தபடி கழுத்தளவு நீரில் நின்றிருந்தார். அண்ணன் எட்டி அவர் கையைப் பற்றினார். படகுக்குள் இழுக்கும்போது வெள்ளத்தில் வந்த மரக்கட்டை ஒன்று படகின் மீது மோதியது. கை நழுவிவிட்டது. மறுநாள்தான் அந்த அம்மாவின் உடல் கிடைத்தது.

அண்ணன் இதை அண்ணியிடமும் என்னிடமும் ஒரே ஒருமுறை சொன்னார். அதன்பின் பேசவில்லை. ஆனால் அது அவரை விடவில்லை. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் சோற்றை அப்படியே வைத்துவிட்டு வாசலில் போய் நிற்பார். சந்தைக் கூட்டத்தில் யாரோ கூப்பிட்டதுபோல் சட்டென்று திரும்புவார். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். யார் கைகொடுக்க வந்தாலும் கும்பிட்டுவிடுவார். அது பணிவு என்று ஊர் நினைத்தது. எங்களுக்குத் தெரியும்.

நீர் வடிந்த சில மாதங்களில் கடைக்காரர்கள், ஆசிரியர்கள், பட்டறைக்காரர்கள் என்று மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகிய மூவினத்தாரும் சேர்ந்து அறவாரியத்தைத் தொடங்கினார்கள். அடைபட்ட கால்வாய்களைத் தூர்வாரினார்கள். குப்பை மேடாகக் கிடந்த ஆற்றங்கரையில் விளக்கும் நடைபாதையும் போட்டார்கள். வெள்ளத்தில் பாழான கடையொன்றைப் பிள்ளைகள் படிக்கும் இடமாக மாற்றினார்கள். அண்ணன் மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஊருக்கென்று சொந்தப் படகுகள், கயிறுகள், மிதவைச் சட்டைகள் வேண்டும் என்று ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால்வாய் வேலை நடக்கும் இடத்துக்கு மண்வெட்டியோடு ஒருவர் வந்தார்.

"எனக்கும் ஒரு வேல குடுங்க தம்பி" என்றார். அவர்தான் கமலா அம்மாவின் கணவர் ஆறுமுகம் ஐயா.

அண்ணன் அன்று வீடு திரும்பியதும் சாப்பிடவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் இருவரும் ஒரே சேற்றில் நின்று வேலை செய்தார்கள், ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அண்ணனால் நடந்ததைச் சொல்லவும் முடியவில்லை, அவர் முகத்தை நேராகப் பார்க்கவும் முடியவில்லை.

படகுகள் வந்து, அவற்றுக்குக் கொட்டகையும் கட்டி முடித்த சமயம், தீபாவளி விடுமுறைக்கு நான் வந்திருந்தேன். பிற்பகலில் கொட்டகைக்குத் தேநீர் கொண்டுபோனபோது இருவரும் படகுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தூரிகையைக் கீழே வைத்தார்.

"ஐயா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கி போட்ல…"

"தெரியும் தம்பி. கமலா கைய நீங்கதான் பிடிச்சிருந்தீங்க. மாட் அப்பவே சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா இத்தன வருஷம் எங்கூட இருந்தீங்க?"

"நான் சிங்கப்பூர்ல வேலையில மாட்டிக்கிட்டேன். ரோடெல்லாம் மூடிட்டாங்க லா. அவ யாருமில்லாம போயிட்டான்னுதான் அழுதுகிட்டே வந்தேன். ஒருத்தர் கைய பிடிச்சிருந்தாருன்னு கேட்டப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. அந்த ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்னு தோணுச்சு. அதான் வந்தேன்."

பிறகு அவர் மெல்லக் கேட்டார்: "ஏதாச்சும் சொன்னாளா தம்பி?"

அண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "'விட்டுடாதீங்க தம்பி'ன்னாங்க."

ஆறுமுகம் ஐயா தலையை ஆட்டினார். இருவரும் பக்கத்தில் கவிழ்த்துவைத்த இன்னொரு படகின்மேல் உட்கார்ந்தார்கள். தேநீர் ஆறிப்போனது.

அன்றோடு அண்ணனுக்கு அமைதி கிடைத்தது என்று எழுதத்தான் ஆசை. கிடைக்கவில்லை. அவர் மழைக்கு எழுந்து நிற்பது நிற்கவில்லை. தூறல் விழுந்தால் ஆறுமுகம் ஐயாவின் மோட்டார்சைக்கிளும் எங்கள் வாசலுக்கு வந்துவிடும் என்பது மட்டும்தான் வித்தியாசம். இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கடைசி நாள்களில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட, மருத்துவமனையில் அண்ணனுக்கு நினைவு வந்து வந்து போயிற்று. எங்களை அடையாளம் தெரியவில்லை.

"தண்ணி ஏறிடுச்சா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"எறங்கிடுச்சு தம்பி. எல்லாரும் மேட்டுல இருக்காங்க" என்று ஒவ்வொரு முறையும் சலிக்காமல் சொன்னவர் ஆறுமுகம் ஐயா. அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டேதான் அண்ணன் கண்களை மூடினார்.

நோயில் துணைநின்ற மருத்துவர்களுக்கும் தாதியர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த உற்றார் உறவினர்களுக்கும், எங்களைத் தனியே விடாத அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் சிலருக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கருமக்கிரியை அன்று பந்தி நடக்கும்போது மழை கொட்டியது. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று அறவாரியத்தாரின் கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. அவர்கள் இலையில் பாதிச் சோற்றை விட்டு எழுந்தார்கள். அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆற்றோர வீடுகளுக்குப் படகை எடுத்துப் போனார்கள். மாலையில் எல்லாக் குடும்பத்தாரும் பள்ளி மண்டபத்துக்குப் பத்திரமாக வந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அண்ணி அடுப்பை மறுபடி பற்றவைத்தார். மீதமிருந்த அரிசி முழுவதையும் வடித்து, மண்டபத்துக்கு அனுப்பிவைத்தோம்.