கத்தரிக்கோலின் அக்கா

அவையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. கத்தரிக்கோல் என்றால்தான் தெரியும். உறுப்பினர்களின் தலைக்கு மேலே, கண்ணாடி அறையில் உட்கார்ந்து மைக்குகளைத் திறந்து மூடுவது அவர் வேலை. ஆளுக்கு ஐந்து நிமிடம். மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு, அப்புறம் மைக் செத்துப்போகும். அமைச்சரானாலும் சரி, நேற்று வந்தவரானாலும் சரி, பேச்சு பாதி வாயில் நிற்கும். ஆளுங்கட்சி அவரை எதிர்க்கட்சியின் கையாள் என்றது; எதிர்க்கட்சி, ஆளுங்கட்சியின் அடிவருடி என்றது. இரண்டு பக்கமும் திட்டினால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம் என்பார் மனிதர்.

இப்படிப்பட்டவருக்கு வந்தது சோதனை. கடலோரத் தொகுதியில் சுயேச்சையாக நின்று அவருடைய அக்காவே ஜெயித்து வந்துவிட்டார். அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவர் தெருவில் மூன்று வரிசை வீடுகளைக் கடல் ஏற்கெனவே தின்றுவிட்டது. நாலாவது வரிசையில் அக்கா வீடு.

அன்றைக்கு விவாதம், உலக நாடுகள் கூடிப் பேசிய பருவநிலை மாநாட்டைப் பற்றி. பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு ஒரு நிதி என்று அங்கே முடிவாகியிருந்தது. மாபெரும் வெற்றி என்று ஆளுங்கட்சி மார்தட்டியது. வெறும் கண்துடைப்பு என்று எதிர்க்கட்சி மேசையைத் தட்டியது. வருகிற நிதி எங்கே போகும் என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குத்தான் அக்கா தீர்மானத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தார்: முதல் செலவு, கடல் அரித்த ஊர்களுக்கு. அதை அவர் எழுந்து வாசித்தால்தான் ஓட்டெடுப்புக்கு வரும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுதான். அதுவரை நாலாவது வரிசை இருக்குமா என்பது கடலுக்கே வெளிச்சம்.

அக்காவிடம் ஒரு கெட்ட பழக்கம். சீண்டினால் பதில் சொல்லாமல் விடமாட்டார். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், கடலுக்கும் மாநாட்டுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று கேட்டுவைத்தார். போதாதா? கேட்டவரை ஒரு பிடி, பக்கத்தில் சிரித்தவரை ஒரு பிடி என்று அக்கா பிடித்துக்கொண்டே போனார். மேலே தம்பி, வாசிக்கா, வாசி என்று முணுமுணுத்தார். மஞ்சள் எரிந்தது. சிவப்பும் எரிந்தது. அப்போதுதான் அக்கா திருத்தத் தாளையே கையில் எடுத்தார்.

கொஞ்சம் விட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் தம்பி பொத்தானை அழுத்தினார். அக்காவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

அது யாருடைய அக்கா என்று எல்லாருக்கும் தெரியும். கத்தரிக்கோலோடு எப்போதும் மல்லுக்கு நிற்கிற எதிர்க்கட்சிக் கொறடா எழுந்தார்.

"தலைவர் அவர்களே, என் நேரத்தை அந்த அம்மாவுக்குக் குடுத்துடுறேன். சொந்த அக்காவையே வெட்டுற ஆளை மேல வெச்சுக்கிட்டு, நாம கீழ உக்காந்து என்ன கட்சி பேசுறது?"

சீண்டியவரும் எழுந்து தன் நேரத்தைக் கொடுத்தார். தம்பி மைக்கைத் திறந்தார். அக்கா ஒரே மூச்சில் வாசித்து முடித்தார். திருத்தம் நிறைவேறியது. நிதி வர நாளாகும், தடுப்புச் சுவர் எழும்ப இன்னும் நாளாகும். இருந்தாலும் அவர்கள் தெரு தீர்மானத்தில் ஏறிவிட்டது.

சபை கலைந்ததும் தாழ்வாரத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்கக் கூசி நின்றார் தம்பி.

"மன்னிச்சிடுக்கா."

"எதுக்குடா? நீ மட்டும் வெட்டலேன்னா, இந்நேரமும் அந்த ஆளைத் திட்டிக்கிட்டேதான் இருந்திருப்பேன்."